நான் 'ங்க' போட்ட கதை

போன வாரம் அக்கா மகள் என் போனை வாங்கி ஏதோ பழைய படம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் முட்டை பப்ஸைத் தோசைக்கல்லில் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். பப்ஸைத் தோசைக்கல்லில் போடக் கூடாதென்று எனக்கும் தெரியும், விடுங்கள். "சித்தி, இவங்க ஃப்ரெண்ட்ஸா, லவ்வர்ஸா? ஒண்ணுமே புரியல" என்றாள். எட்டிப் பார்த்தேன். ரயில் பின்னால் ஒருத்தன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். அடப்பாவி, இந்தப் படமா! பப்ஸ் கருகிப்போனது.

இந்தப் படத்தைக் காரைக்காலில் தியேட்டரிலேயே பார்த்தவள் நான். கடைசி இருபது நிமிடம் மட்டும் பார்க்கவில்லை.

அப்போது ஒரு டிராவல்ஸில் வேலை. துபாய்க்கு டிக்கெட் போடுவது, பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்கு இரண்டே பேர். விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வரும் நான், காரைக்கால்மேட்டிலிருந்து பைக்கில் வரும் குமரன். அவன் அம்மா பொரித்துக் கொடுக்கும் மீனில் பாதி எனக்கு. நான் அவனை 'டா' போடுவேன். அவன் என்னை 'லூசு' என்பான். என் பெயர் அவனுக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடையைச் சாத்தியதும் மேட்னி போனோம். படம் முழுக்க அவனும் அவளும் "நாம ஃப்ரெண்ட்ஸ்தான்" என்று சொல்லிச் சொல்லியே கையைப் பிடித்துக்கொண்டார்கள். இடைவேளையில் பப்ஸை வைத்துக்கொண்டு சண்டை.

"ஃப்ரெண்ட்ஸ்தான்டா. கையப் புடிச்சா லவ்வா?"

"ஃப்ரெண்டுக்காக எவனாவது ரயில் பின்னாடி ஓடுவானா, லூசு?"

"நீ ஓட மாட்டியா?"

"ரயில்னா முடியாது. பஸ்ஸுன்னா யோசிக்கலாம்."

ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அப்பா பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். படம் முடிவதற்குள் எழுந்துவிட்டேன். "முடிவ நாளைக்குச் சொல்றேன், ஓடு" என்றான். "வரேன்டா!" என்று கத்திவிட்டு ஓடினேன். அந்த 'டா' தெருவரைக்கும் கேட்டிருக்கிறது. பஸ்ஸில் எங்கள் தெரு அக்கா ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருடி அந்தப் பையன், டா போட்ட?" என்று கேட்டாள். அப்பா காதுக்குப் போனால் நாளையிலிருந்து வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் குமரனும் கிடையாது. வீடு போய்ச் சேர்வதற்குள் கண்டுபிடித்துவிட்டேன், தப்பெல்லாம் அந்த 'டா' மேல்தான்.

மறுநாள் காலை, "குமரன், அந்த ஃபைல எடுங்க" என்றேன்.

குமரன் திரும்பி, வாசலில் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தான். பாய் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நேத்து வரைக்கும் வாடா போடா. இன்னைக்கு எடுங்க குடுங்களா? மாஷா அல்லா! எங்க வீட்டுலயும் இப்புடித்தான். மாமா மவதான், டா போட்டுட்டுத் திரிஞ்சா. கல்யாணம் பேசி முடிச்ச மறுநாளே 'ங்க' வந்துட்டு."

இதை நான் யோசிக்கவே இல்லை பாருங்கள். எங்கள் பக்கத்தில் 'டா' போட்டவனுக்கு ஒரு பெண் திடீரென்று 'ங்க' போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர் "விருந்து எப்ப?" என்று கேட்டுவிட்டார். மூன்றாம் நாள் குமரனின் அம்மா ஒரு முழு வஞ்சிரத்தோடு கடைக்கே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனு ஆஞ்சு கழுவத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பரவால்ல, மரியாதை தெரியிது" என்று மீனைப் பாஸ்போர்ட் விண்ணப்பங்கள் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் வஞ்சிர வாசனையோடுதான் வெளிநாடு போயிருப்பார்கள்.

இந்தப் பேச்சை நிறுத்த, பாய் முன்னால் சண்டை போடுவதென்று நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். "நீங்க பேசாதீங்க!" என்று நான் கத்த, "நீ மொதல்ல வாய மூடு!" என்று அவன் கத்த, பாய் வாடிக்கையாளரிடம், "கண்டுக்காதீங்க, புதுசு. சரியாயிடும்" என்றார். மறுபடி 'டா'வுக்கே திரும்பினேன். "பாத்தீங்களா, சமாதானமாயிட்டாங்க" என்றார். டா போட்டாலும் காதல், ங்க போட்டாலும் காதல். ஒரு மனுஷி என்னதான் போடுவாள், நீங்களே சொல்லுங்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அப்பா வந்து வாசலில் நின்றார். தெரு அக்கா வேலையைக் காட்டிவிட்டாள். பாய் "வாங்க வாங்க" என்று பல்லெல்லாம் தெரிய எழுந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. குமரனைக் காட்டி, "யாரும்மா இது?" என்றார்.

"கூட வேல பாக்குற அண்ணன்ப்பா" என்றேன். அதோடு விட்டேனா? "அண்ணே, அப்பாவுக்கு ஒரு டீ சொல்லுங்கண்ணே."

அப்பாவின் முகம் இளகியது. பாய் பேப்பரை விரித்து அதற்குள் போய்விட்டார். குமரன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"சரிம்மா" என்றான்.

டீ வந்தது, வேலையும் தப்பித்தது. எனக்கு அவனைப் பிடிக்கும், அந்தப் படத்தில் வருகிற மாதிரியே பிடிக்கும் என்பது அந்த 'சரிம்மா'வைக் கேட்ட பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவன் என்னை லூசு என்று சொல்லவே இல்லை. முடிவு என்ன என்று நானும் கேட்கவில்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவன் ஒழுங்காக அண்ணனாகவே இருந்தான். என் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பாயசம் ஊற்றினான். எனக்கு இரண்டு தரம் ஊற்றினான்.

போன வாரம், கருகின பப்ஸைத் தூரப் போட்டுவிட்டு, போனை அக்கா மகளிடமிருந்து பிடுங்கிக் குமரனைக் கூப்பிட்டேன்.

"சொல்லும்மா, நல்லாருக்கியா?"

"இருக்கேண்ணே. அன்னைக்குப் பாத்த படம்... கடைசில சேந்தாங்களா இல்லையாண்ணே?"

"தெரியாதும்மா. நான் பாக்கல."

"உள்ளதானடா உக்காந்திருந்த?" டா வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு பஸ் கெடச்சிதான்னு பாக்க பின்னாடியே வந்தேன். பஸ் கெளம்பிட்டு. கொஞ்ச தூரம் ஓடுனேன்."

"சரிம்மா, வெச்சிடுறேன்" என்றான்.

அந்த தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள். அக்கா மகள் மீதிப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது நிறுத்தினாள். "போடவா சித்தி?" என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கு நான் 'ஏய்', வெளியில் 'மேடம்', குமரனுக்கு 'ம்மா'. லூசு என்று கூப்பிடத்தான் இப்போது யாரும் இல்லை.