லாபம், இரண்டு, மூன்று

1988 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். நான்கு இட்லி. அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழன் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். மடியில் மரங்களுக்கான பதிவேடு, காலடியில் ஒரு லிட்டர் வெள்ளைப் பெயிண்ட் டப்பா. நான் அப்போது கிராம நிர்வாக அலுவலர். நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இவ்வளவு சாதாரணமாகத்தான் தொடங்குகிறது.

என் பொறுப்பிலிருந்த ஊரின் கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தைக் கரி சுடுவதற்காக ஒரு காண்டிராக்டர் ஏலம் எடுத்திருந்தார். கரையை ஒட்டி அய்யனார் கோயில் காடு. உசிலையும் வன்னியுமாக, ஊரில் யாரும் சுள்ளிகூட ஒடிக்காத காடு. ஆனால் நிலப் பதிவேட்டில் அதற்கு 'தரிசு' என்ற ஒரே சொல்தான். வெளியூர் ஆட்கள் கோடாலியோடு நுழைந்தால் என்ன போயிற்று என்று காட்டக்கூட வழியில்லை. ஆகவே கோயில் மரங்களுக்கு எண் எழுதுவது என்றும், எண் இல்லாததை மட்டும் வெட்ட வேண்டும் என்றும் காண்டிராக்டரிடம் நானே சொல்லியிருந்தேன்.

பூசாரி சம்மதிக்கவில்லை. "எண்ணுனா குறையும்யா," என்றார்.

"உம்ம பேரப்புள்ளைகள எண்ணாமத்தான் ரேசன் கார்டு வாங்குனீரோ?" என்று கேட்டார் கூட வந்த தலையாரி.

"ஏலே, அவனுகள வெட்ட எவனும் கோடாலியோட வரலயே."

கடைசியில் வழி சொன்னவரும் பூசாரிதான். களத்தில் நெல் அளப்பவர்கள் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் மரக்காலை 'லாபம்' என்பார்கள். அப்படி எண்ணினால் குறையாதாம். பழைய வீரன் கல் சாய்ந்திருந்த பெரிய உசிலையைத் தொட்டு, "லாபம்" என்றார். அடுத்ததைத் தொட்டு, "ரெண்டு." நான் குனிந்த தலை நிமிராமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டே போனேன். தலையாரி பின்னால் பெயிண்ட் அடித்து வந்தார். நாற்பத்தொன்றில் முடிந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் தலையாரி சொன்னார்: "லாபத்துக்கு என்ன நம்பரு போட? நீங்களும் சொல்லல, விட்டுட்டேன் சார்." பஸ் வந்துவிட்டது. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று ஏறினேன்.

பத்து ஆண்டுகள் கழித்துப் போன மாதம் அங்கே போயிருந்தேன். பட்டை பருத்து, நான்கு எது, ஏழு எது என்று தெரியவில்லை. மரங்கள் நாற்பது நிற்கின்றன. பதிவேடுதான் அந்தக் காட்டைக் காப்பாற்றியது என்கிறார்கள். அது சரிதான். உறைந்துபோன பெயிண்ட் டப்பா இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

நாட்குறிப்பில் அடுத்த பக்கம், செப்டம்பர் 7. அதே முதல் பஸ். நான் போய்ச் சேர்வதற்குள் பெரிய உசிலை விழுந்து கிடந்தது. "நம்பரு இல்லாததத்தான் வெட்டச் சொன்னாக," என்றார்கள் காண்டிராக்டரின் ஆட்கள். அது என் வார்த்தை. பூசாரி மண்ணில் புரண்டிருந்த வீரன் கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "லாபம் போச்சுய்யா. மிச்சத்த ரெண்டுலருந்தே வச்சுக்கங்க," என்றார்.

அன்று காலை முதல் வேலையாக, டப்பாவைத் திறந்து, வெட்டுப்பட்ட அடிமரத்தில் '1' என்று எழுதினேன். பச்சை மரத்தின் ஈரத்தில் பெயிண்ட் ஒட்டவில்லை.