படகுக் கொட்டகையில் ஹெக்டரின் சின்னம்மை

கேப் பிரெட்டன் தீவு முழுக்கத் தேடினாலும் சரி, கடல் தாண்டி ஹாலிஃபாக்ஸ் நகரம் வரை போய் விசாரித்தாலும் சரி, எங்கள் ஃபெர்ரி ஹெக்டருக்கு வந்ததுபோல் ஒரு சின்னம்மை எவருக்கும் வந்ததில்லை. கொப்புளங்களை எண்ணத் தொடங்கிய நர்ஸ் முழங்காலுக்கு வருவதற்குள் களைத்துப்போய் தேநீர் கேட்டாள். காய்ச்சல் சூட்டில் அவன் நெஞ்சின்மேல் வைத்த ரொட்டி பொன்னிறமாக வெந்தது. சரி, ரொட்டியை விட்டுவிடுங்கள். மற்றதிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவதே ஒரு மனிதனுக்குத் தாராளம்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் மக்நீல் குடும்பத்துக்காரர்கள் என்பதால் எவனையும் தொழிலைச் சொல்லித்தான் அடையாளம் காட்ட வேண்டும். ஹெக்டர் ஃபெர்ரி ஓட்டுபவன். அவன் அப்பாவும் அதைத்தான் ஓட்டினார். கடற்கழியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் தட்டைப் படகு. கார், டிராக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருமுறை ஒரு சவப்பெட்டி, எதுவானாலும் ஏறும். உலகத்தில் இரண்டே இடங்கள்தான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வாழ்ந்துவிட்டவன் ஹெக்டர். இரண்டுக்கும் நடுவே ஒன்று நிற்கிறது என்றால் அவனுக்குத் தலை சுற்றும்.

அந்தக் கரையில் பள்ளி ஆசிரியையாக இருந்த மோராகை வருடக்கணக்கில் ஏற்றி இறக்கிய பிறகுதான் அவளிடம் வானிலை அல்லாத ஒரு வார்த்தை பேசினான். கல்யாணம் ஆகும்போது அவனுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. எண்பத்து மூன்றாம் வருட வசந்தத்தில், கழியில் பனிக்கட்டி விலகி ஃபெர்ரி மறுபடி ஓடத் தொடங்கியபோது, மூன்றாவது தங்கியிருந்தது. வயிறு வெளியே தெரிந்தது. மோராக் மாடிப்படியில் ஏறினால் ஹெக்டர் கீழே நின்று இரண்டு கைகளையும் விரித்துக் கொண்டிருப்பான், மேலிருந்து மூட்டை விழப்போவதுபோல.

ஒரு நாள் காலை சட்டை மாற்றும்போது அவன் வயிற்றில் சிவப்பாக நாலைந்து புள்ளிகள்.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்கு," என்றான்.

"ஏப்ரல்ல என்ன பூச்சி? இன்னும் பனியே கரையல," என்றாள் மோராக். கிட்டே வந்து பார்த்தவள் ஒரு புள்ளியின் தலையில் நீர் கோத்திருப்பதைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இதைப் பார்த்துப் பழகியவள். "ஹெக்டர், ஃபெர்ரியில பிள்ளைங்க யாராவது சொறிஞ்சிக்கிட்டு வந்தாங்களா?"

"பிள்ளைங்கன்னா சொறியத்தான் செய்யும். எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்துருச்சே."

"வந்தது உனக்கா, உங்க அண்ணனுக்கா?"

ஹெக்டர் யோசித்தான். அதுவரை அதைத் தன்னுடையது என்றே நினைத்து வைத்திருந்தான். இப்போது பார்த்தால், நினைவில் கட்டிலில் படுத்திருப்பவன் அண்ணனாகவும், பக்கத்தில் நின்று பொறாமைப்படுகிறவன் தானாகவும் தெரிந்தது.

நர்ஸ் பூட்ரோவுக்குப் போன் போட்டார்கள். எங்கள் கரையில் அப்போது ஒரே டெலிபோன் கம்பியில் ஒன்பது வீடுகள். யார் வீட்டுக்கு மணி அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பதுதான் வழக்கம்; கேட்காமல் இருப்பதைத்தான் மரியாதைக் குறைவாக நினைப்போம்.

"சின்னம்மைதான். பெரியவங்களுக்கு வந்தா கொஞ்சம் முரடா இருக்கும்," என்றாள் நர்ஸ். "அதை விடு. மோராகுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் மோராக்.

"வந்துச்சு," என்றது கம்பியில் இன்னொரு குரல். மோராகின் அம்மா ஃப்ளோரா. "பதினொண்ணையும் ஒரே கட்டில்ல குறுக்க போட்டேன் நான். ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் ஒரேயடியா வந்து தொலையட்டும்னு. அப்ப எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

"அந்த வாரம் மோராக் எங்க வீட்டுல இருந்தா, ஃப்ளோரா," என்றது மூன்றாவது குரல். அது பக்கத்து வீட்டு சேடி. "எங்கம்மா சொல்லுவாங்க. தொண்டைக் கட்டியோட வந்தான்னு."

"அது தொண்டைக் கட்டி இல்ல, பொன்னுக்குவீங்கி. அதுவும் இவளுக்கு இல்ல, ஜெசிக்கு."

"ஜெசிக்குத் தட்டம்மைன்னு நீதானே சொன்ன?"

"தட்டம்மை எல்லாருக்கும் வந்துச்சு."

ஹெக்டர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். பதினொரு பிள்ளைகளும் மூன்று வியாதிகளும் அவன் தலைக்குள் கட்டில் மாறிப் படுத்துக்கொண்டிருந்தன.

"எல்லாரும் வைங்க போனை," என்றாள் நர்ஸ். யாரும் வைக்கவில்லை, மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டார்கள். நர்ஸ் சொன்னது இதுதான். முன்பு வந்திருந்தால் மோராகுக்கும் குழந்தைக்கும் பயமில்லை. வந்ததில்லை என்றால் தாய்க்கு நுரையீரல் வரை போகலாம், குழந்தைக்கும் ஆபத்து. அதற்கு ஓர் ஊசி உண்டு. ஹாலிஃபாக்ஸிலிருந்து வர வேண்டும், நாள் கடத்தாமல் போட வேண்டும். இன்றைக்கே ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் நாளை மறுநாள் பதில் தெரிந்துவிடும். "புள்ளி தெரியறதுக்கு முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிரும், ஹெக்டர். ஏற்கெனவே கொடுத்திருந்தா கொடுத்ததுதான். ஆனாலும் இனிமே அவ இருக்கிற காத்துல நீ இருக்காதே. எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்குத் தட்டற வரைக்கும்."

ஹெக்டர் துறைக்குப் பக்கத்தில் இருந்த படகுக் கொட்டகைக்குப் போனான். அடுப்பு இருந்தது, பழைய பாய்மரத் துணியில் படுக்கை இருந்தது. ஃபெர்ரியை அவனுடைய உதவியாள் ரோரி பார்த்துக்கொண்டான். போகும் முன் வேலிக்கு வெளியே நின்று மோராகோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். கொட்டகையில் போன் கிடையாது. ஆகவே பதில் வந்ததும் ரோரி ஃபெர்ரியின் ஹாரனை அடிக்க வேண்டும். நல்ல சேதி என்றால் ஒரு தடவை, ஊசி வேண்டும் என்றால் இரண்டு தடவை. மற்றபடி ரோரி ஹாரனில் கைவைக்கக் கூடாது.

நர்ஸ் கொட்டகை வாசலில் சாமான்களை வைத்துவிட்டு வைத்தியத்தைச் சொன்னாள். மோராகின் பழைய காலுறையில் ஓட்ஸைக் கொட்டிக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிழிந்து, அந்தப் பால் தண்ணீரில் உட்கார வேண்டும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்ற வேண்டும். பிறகு அரிப்பை அடக்கும் ரோஸ் நிறக் கேலமைன் மருந்தைப் பஞ்சால் தொட்டு வைக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, கைக்குக் கம்பளி உறை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆஸ்பிரின் கூடாது. மூச்சு வாங்கினால் உடனே கூப்பிட வேண்டும்.

"ஓட்ஸைத் தின்னணுமா, அதுல உட்காரணுமா?" என்று ஹெக்டர் உள்ளிருந்து கேட்டான்.

"மிச்சத்தைத் தின்னு."

அன்று மத்தியானம் ஹெக்டர் தொட்டியில் இடுப்பு வரை கஞ்சித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவன் வரி வசூலிப்பவன் மட்டும்தான். மற்றவர்கள் நேரே உள்ளே வருவார்கள். சேடி வந்தாள். பின்னால் அவளுடைய மூன்று பிள்ளைகள், கைக்கொரு பிஸ்கோத்தோடு.

"நீ எந்திரிக்காதே, ஹெக்டர். இதுங்க கொஞ்ச நேரம் உன் பக்கத்துல உட்காரட்டும்."

"எதுக்கு?"

"எதுக்கா? வரட்டும்னுதான். கோடை லீவுக்கு முன்னாடி வந்து போயிட்டா எனக்கு நிம்மதி. இவன் பிஸ்கோத்தை ஒரு கடி கடிச்சுக் குடேன்."

ஹெக்டர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். காலையில் ஒருத்தி, மனைவி இருக்கும் காற்றிலேயே இருக்காதே என்று விரட்டினாள். மத்தியானம் இன்னொருத்தி, வியாதியைப் பங்கு போட்டுக் கொடு என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறாள். தான் இப்போது எந்தக் கரையில் இருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"நேத்து இதுங்களை யாரு பார்த்துக்கிட்டா?" என்று கேட்டான்.

"மோராக்தான். இன்னிக்கும் சாயங்காலம் அவகிட்டதான் படிக்கப் போகுதுங்க."

ஹெக்டர் தொட்டியிலிருந்து எழுந்தான். தான் இருக்கும் கோலத்தை மறந்துபோனான் என்று சேடி இன்றுவரை சொல்கிறாள். "வெளிய போ, சேடி. அந்த வீட்டுப் பக்கம் ஒண்ணுகூடப் போகக் கூடாது."

அவர்கள் போனதும் கதவுக்குக் குறுக்கே உள்ளிருந்து ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தான், கம்பளி உறை மாட்டிய கைகளோடு. ஆணியைவிடக் கட்டைவிரலுக்கு அதிக அடி விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டுக்கும் சேதி போயிற்று: ஹெக்டர் ஊர்க்காரர்களுக்குக் கதவை அடைத்துவிட்டான், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. கோபத்தில் சமைத்தாலும் சமைத்தார்கள். மீன் கறியும் ரொட்டியும் வாசற்படியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சின்ன ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஹெக்டர் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஃப்ளோரா வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. வாசலில் கவிழ்த்திருந்த மீன் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அவளுக்கு வந்துச்சுடா," என்றாள், கதவைப் பார்த்து.

"எப்படித் தெரியும் அம்மா?"

"நான்தானே கட்டில்ல போட்டேன். தலைமாட்டுல ஜான், அப்புறம் ஜெசி, அப்புறம் அந்த ரெட்டைங்க..." ஃப்ளோரா விரல் மடக்கிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பதாவது பெயரில் நின்றாள். மறுபடி தலைமாட்டிலிருந்து தொடங்கினாள்.

"மோராக் எந்த ஓரம்?" என்றான் ஹெக்டர். "சொறிஞ்சாளா? அழுதாளா?"

ஹெக்டர் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். ஃப்ளோரா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அழவே மாட்டா," என்றாள். "அழுதிருந்தா ஞாபகம் இருந்திருக்கும். எல்லாத்து முகமும் புள்ளியோட தெரியுது. இவ முகம் மட்டும் சுத்தமாத் தெரியுது. அது வராததாலயா, நான் பார்க்காததாலயான்னு எனக்கே தெரியல, ஹெக்டர்."

"மீன் கறி நல்லா இருந்துச்சு, அம்மா," என்றான்.

"அது நான் செஞ்சது இல்ல," என்று மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாள்.

பதில் வர வேண்டிய நாளில் ஹெக்டருக்கு உடம்பெல்லாம் தீயாய் அரித்தது. ஆனாலும் சொறியவில்லை. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, காதை மட்டும் துறைப் பக்கம் வைத்திருந்தான். ஃபெர்ரி இந்தக் கரையில் கட்டிக் கிடந்தது. கடற்காகம் கத்தினால்கூட எழுந்து நின்றான்.

மத்தியானம் ஹாரன் ஒலித்தது. நீளமாக ஒரு தடவை.

ஹெக்டர் மூச்சை விட்டான். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் மறுபடி ஒலித்தது.

ஒன்றா, இரண்டா? இரண்டாவது எதிரொலியாக இருக்குமோ? மலையில் மோதித் திரும்பினால் அவ்வளவு நீளமாகவா வரும்? ஒன்று என்றால் நல்லதா, கெட்டதா? தான் சொன்னதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சொன்னாலும் இரண்டு என்பது ஊசி என்றே வந்து நின்றது. பலகையைக் காலால் உதைத்துப் பெயர்த்தான்.

ரோஸ் நிறத்தில், முடியெல்லாம் ஓட்ஸ் ஒட்டியிருக்க, கம்பளிக் கையுறையோடு ஒரு மனிதன் மேட்டுச் சாலையில் ஓடியதை ஊரே பார்த்தது. வீட்டு வேலிவரை ஓடினான். வேலிக்கதவில் கை வைத்தான். அங்கேயே நின்றான்.

உள்ளே போகவில்லை. அவள் இருக்கும் காற்று என்று நர்ஸ் சொன்னது அந்த வேலியிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவன் முடிவு செய்து வைத்திருந்தான். வாசலுக்கு இருபது எட்டுகூட இருக்காது. அங்கிருந்தபடியே கத்தினான். "மோராக். ஊசியை உடனே வரவழைக்கச் சொல்லு. நான் உள்ள வரல. வெளியவே இருக்கேன். ஜன்னல்ல முகத்தை மட்டும் காட்டு."

ஜன்னலில் யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கத்தினான்.

முதுகில் ஒரு கை விழுந்தது. கேலமைன் காய்ந்து வெடித்திருந்த முதுகில், உறையில்லாத வெறும் கை.

ஹெக்டர் துள்ளி விலகினான். மோராக் துறைச் சாலையிலிருந்து ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"தள்ளிப் போ," என்றான்.

"எனக்கு முன்னாடியே வந்திருக்கு, ஹெக்டர். ரத்தத்துல அடையாளம் இருக்காம். எப்பவோ வந்து, யாருக்கும் தெரியாம போயிருக்கு."

"ரெண்டு தடவை அடிச்சானே?"

மோராக் அவன் காதில் ஒட்டியிருந்த ஓட்ஸை எடுத்துவிட்டாள்.

பொருக்கெல்லாம் உதிரும்வரை ஹெக்டர் கொட்டகையிலேயே இருந்தான், சேடியின் தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்ததால். மோராக் தினமும் போய் அவன் முதுகுக்குக் கேலமைன் வைத்தாள். ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், அழுதால் அந்தக் கரைக்குக் கேட்கும். ஃப்ளோரா அதன் ஒவ்வொரு தும்மலையும் எல்லோரிடமும் சொல்லி, நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ரோரிதான் பாவம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று பெயராகிவிட்டது. ஹாரனைத் தொடவே இல்லை என்று அவன் பைபிள்மேல் சத்தியம் செய்தான், எவரும் நம்பவில்லை. கடையில் ஒரு முட்டை கேட்டால் இரண்டு கொடுத்துச் சிரிப்பார்கள்.

இந்தக் கதையை இங்கே முடித்துவிட்டு என் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மோராக் கடைசிவரை கேட்டாள்.

"ரோரி அடிக்கல. அவன் சாப்பிடப் போயிருந்தான். நான்தான் இறங்கிப் போய் அடிச்சேன்," என்றாள். "முதல் தடவை ஹெக்டருக்காக. ரெண்டாவது தடவை, கை ஹாரன் கயித்துலயே இருந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு, இழுத்துட்டேன்."