857242

நேற்று பஸ்ஸில் என் மகள் டிக்கெட் இலக்கங்களைக் கூட்டி, அது ஒன்பதால் பிரிபடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அக்காவின் நினைவு வந்தது.

தொண்ணூற்றேழில் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். அப்பா வெளியே போய்வர அனுமதிக்கும் பாஸ் எடுத்துக்கொண்டு கண் ஒப்பரேசனுக்காக வவுனியாவுக்குப் போயிருந்தார். 857242 என்ற அந்தப் பாஸ் எண்ணை அம்மா கதவுப் பலகையில் கரியால் எழுதி வைத்திருந்தார். பதினைந்து நாளாகியும் தகவல் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை அக்கா அந்த எண்ணின் முன்னால் நின்று கூட்டினாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"இருபத்தேழு வருது அம்மா. ஒன்பதாலை மிச்சமில்லாமல் பிரிபடும். இப்பிடி நம்பரோடை போன ஆள் கட்டாயம் திரும்பி வருவார்."

அம்மா அன்று புட்டுச் சாப்பிட்டார். நான் போய்க் கூட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு வந்தது.

"பிழையாக் கூட்டிப்போட்டாய்," என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன்.

"தெரியும். பேசாமல் இரு. அவா சாப்பிடட்டும்."

அதிலிருந்து ஐந்தாம் நாள் அப்பா ஒரு கண்ணில் கட்டோடு வந்து சேர்ந்தார். அம்மா அவரைக் கதவடிக்கு அழைத்துப்போய் எண்ணைக் காட்டி, அக்காவின் கணக்கைச் சொன்னார். அப்பா மற்றக் கண்ணால் அதை வாசித்தார். அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஓம், இருபத்தேழுதான்," என்றார்.