திரும்பாத உள்ளங்கை

மழை நாளொன்றில் அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி சறுக்கி விழுந்தபோது வலது கையை ஊன்றிவிட்டேன். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்ன நாளில்தான் கை திரும்பவில்லை என்பது தெரிந்தது. மடங்கியது, நீண்டது, விரல்கள் அசைந்தன. ஆனால் கவிழ்ந்திருந்த உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்ப முடியவில்லை. ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் புரண்டால்தான் கை திரும்புமாம். அப்படி ஓர் அசைவு உடம்பில் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

சோற்றை அள்ளுவேன், வாய்க்குக் கொண்டுவரும்போது விரல்கள் தரையைப் பார்க்கும். தோளைத் தூக்கி, கழுத்தை வளைத்து, தட்டுக்கே குனிந்து வாங்கினாலும் பாதி மடியில்தான் விழும். ஸ்பூனும் கவிழ்ந்தது. கணவர் ஊட்டிவிட வந்தால் பசியில்லை என்று பொய் சொல்வேன். முகம் கழுவத் தண்ணீர் ஏந்த முடியாது. மாதா கோயில் பூசையில் எல்லோரும் கைகளை விரித்து ஜெபிக்கையில் எனது ஒரு கை மட்டும் எதையோ மறுப்பதுபோல் கவிழ்ந்து நிற்கும். கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் மருந்து பாட்டில்களுக்கு மூடி திருகுவதுதான் என் வேலை. திரும்பிப் போனபோது சூப்பர்வைசர் அன்பாகத்தான் பேசினார், இன்னும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார். என் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மணிக்கட்டு சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

அன்று மதியம்தான் கணவரிடம் அதைக் கேட்டேன். அவர் பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். அவர் கைக்குள் என் கை குச்சிபோல இருக்கும்.

"நீங்களே புடிச்சித் திருப்பி விட்டுடுங்க. ஒடஞ்சாலும் பரவால்ல."

"வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

நான் விடவில்லை. அழுதேன், சண்டை போட்டேன், இப்படியே கிடந்து செத்துப்போகிறேன் என்றேன். கடைசியில் அவர் என் முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டைத் திருகினார். துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ கிழிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெளிந்தபோது அவர் சுவரோரம் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலைக்குள் கை வீங்கிப் பளபளத்தது. விரலைக்கூட மடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உள்ளே வரவே மாட்டேன் என்று வராந்தாவில் நின்றுவிட்டார். நான்தான் கேட்டேன் என்று பிசியோதெரபி செய்யும் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"உள்ள பிஞ்சி ரத்தம் கட்டிருக்கு. அது ஆறும்போது இன்னும் இறுகிடும். முழுசா வரும்னு இனிமே நான் சொல்ல மாட்டேம்மா."

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு பிசியோதெரபி அம்மா சொன்ன பயிற்சியைத் தொடங்கினேன். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடித்து, அதன் கனமே கையை மெல்லச் சாய்க்கும்படி விட வேண்டும். வலி வருமுன் நிறுத்த வேண்டும். நம்பிக்கையோடு செய்யவில்லை. செய்யாமலிருந்தால் வேறென்ன செய்வது என்று தெரியாமல்தான் செய்தேன். பல மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் மேலே பார்க்கும் அளவுக்கு வந்தது. அதற்குமேல் கொஞ்சம் சாய்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கம்பெனியில் இப்போது லேபிள் ஒட்டுகிறேன்.

கணவர் அந்த நாளைப்பற்றிப் பேசுவதே இல்லை. கூட்டத்தில் நடக்கும்போது சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். வலது கையை அவர் அதன்பின் தொட்டதே இல்லை. வலிக்கவில்லை, பிடியுங்கள் என்று ஒருமுறை நீட்டினேன். சற்று நேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, சாப்பாடு போடட்டுமா என்று கேட்டபடி எழுந்து போனார்.