சிவப்பு நூல் கட்டிய குண்டான்

என் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சிதான் வேண்டும். அதுவும் நன்றாக ஆறி, மேலே ஆடை கட்டிய கஞ்சி. "ஹாஸ்டல்ல கொதிக்கக் கொதிக்க ஊத்துறாங்கம்மா, அது கஞ்சியே இல்ல" என்று போனில் குறைப்படுவாள். எனக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் போனை வைத்துவிடத் தோன்றும்.

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு கஞ்சி உண்டு. ஒன்று வாய்க்கு, மற்றது பாவுக்கு. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் இது அதிசயமில்லை. தறியில் ஏற்றும் முன், நீளவாக்கில் ஓடும் பாவு நூலை, வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, இழை பிரித்துக் காயவைப்போம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க என் வீட்டுக்காரர் அந்தக் கஞ்சியில் மயில்துத்தம் என்கிற நீலக் கல்லைப் பொடித்துக் கரைத்துவிடுவார். அது விஷம். கொஞ்சமாகப் போட்டால் நிறம்கூடச் சட்டென்று தெரியாது. அதனால் பாவுக் கஞ்சிக் குண்டானின் கழுத்தில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றைக் கட்டிவைப்பேன். நூல் கட்டியதை வீட்டில் யாரும் தொடக்கூடாது. நான் போட்ட சட்டம் அது. மீறினால் என் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில், அவள் தூங்குகிறாள் என்று நானும் தெருவுக்குப் போய்விட்டேன். பாவு எங்கள் வாசலுக்கு எதிரேதான் நீண்டிருந்தது. பாவுக் கஞ்சியில் ஒரு குண்டானை வெளியே எடுத்துப் போனோம். நூல் கட்டிய இன்னொன்று, குடிக்கிற கஞ்சிக்குப் பக்கத்தில் அடுப்படியில் இருந்தது.

களம்பூரிலிருந்து என் தங்கை, பிள்ளையைப் பார்க்க முதல் பஸ் பிடித்து வந்தாள். நாங்கள் பிறந்தது அரிசி மில் வேலைக்காரர் வீட்டில். தறி சமாச்சாரம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மந்திரித்த கயிறு என்றால் உயிர். பிள்ளை தும்மினாலும் தர்காவுக்கு ஓடிக் கயிறு வாங்கிவந்து கட்டுகிறவள். "உள்ள போ, நான் வரேன்" என்றேன். அதற்குமேல் பேசக் கை ஒழியவில்லை.

கொஞ்ச நேரத்தில் முந்தானையில் கை துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, பசியில அழுதுகினு இருந்தா. நீ கயிறு கட்டி மந்திரிச்சி வெச்சிருந்த கஞ்சியக் குடுத்துட்டேன். ஒரு மாதிரி இருக்குது சித்தின்னா. மருந்துன்னா அப்படித்தான் இருக்கும் கண்ணுன்னு சொல்லிக் குடிக்க வெச்சேன்."

கஞ்சி ஈரத்தோடு பாவு என் கையில் இருந்தது. ஈரப் பாவை விட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். அதெல்லாம் நினைவில் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. விட்டுவிட்டு ஓடினேன்.

மகள் பாயில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். லேசான நீலம். தங்கையைப் பார்த்து, "அடிப்பாவி, என் புள்ளையக் கொன்னுட்டியேடி!" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அவள் ஒன்றும் புரியாமல் பாய் ஓரம் இருந்த குண்டானின் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில் என் மடியில் மகள் துவண்டு கிடந்தாள். "ஜல்தி போப்பா, ஜல்தி" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவள் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் மூச்சு நின்றுவிட்டது போலவே இருக்கும். மறுபடி விரலில் சூடு படும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எவ்வளவு போட்டீங்க என்று கேட்டதற்கு, வீட்டுக்காரர் இரண்டு விரலைச் சேர்த்துச் சிட்டிகை காட்டினார். ரத்தம் எடுத்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள்தான், "வாந்தி எடுத்தது நல்லதாப் போச்சும்மா, பயமில்ல" என்றார் டாக்டரம்மா. அவருக்குப் பயமில்லை. எனக்கு விட்டுப்போகவில்லையே.

அந்தப் பாவு என்ன ஆயிற்று என்று என் வீட்டுக்காரர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. துத்தம் அதோடு எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. அப்படியும் மகளுக்கு எப்போது கஞ்சி வைத்தாலும், முதலில் நான் ஒரு வாய் குடிப்பேன். குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மனது ஒப்புவதற்குள் கஞ்சி ஆறி, ஆடை கட்டிவிடும். பிறகுதான் அவளுக்கு. அவள் அப்படியே குடித்து வளர்ந்தாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

தங்கை வருவாள், போவாள். ஆனால் எங்கள் அடுப்படிக்குள் கால் வைக்கமாட்டாள். சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கவுமில்லை. வாங்க எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் மகள் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாள். பார்க்கத் தங்கையும் வந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"சித்தி, நீதான் போய் கஞ்சி எடுத்துகினு வாயேன்" என்று மகள் படுத்தபடியே சொன்னாள்.

தங்கை அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே குடுத்துடு அக்கா. எனக்குக் கை வராது."

"உள்ள வாடி" என்றேன்.

வந்தாள். டம்ளரில் ஊற்றினாள். நான் குடிக்கக் கை நீட்டுவதற்குள் அவளே ஒரு வாய் குடித்தாள். மீதியை வாங்கி நானும் ஒரு வாய் குடித்தேன். டம்ளரை நடுவில் வைத்து இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

"ஆறிடுச்சாம்மா?" என்று மகள் குரல் கொடுத்தாள்.

"இன்னும் இல்ல கண்ணு" என்றாள் தங்கை.