வீட்டுக்குள் பிடித்து வைத்த கடல்

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. பெற்றோர் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் உம்மா எனக்குத் தந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு, வயல் பக்கமாக மண் நிரப்பிக் கட்டிய மாற்று வீடு ஒன்று கிடைத்தது. கட்டிக் கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, என் கணவரின் பேரில் எழுதிவிட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த வீடு கிடைத்த ஆண்பிள்ளை முதலில் என்ன செய்வார் என்பதற்கு எங்கள் பக்கத்தில் முன்னுதாரணமும் கிடையாது. இவர் கடலைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார்.

பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல், வலையில் சிக்கி வந்த பவளக் கற்கள், விரல் விரலாக ஆடும் ஒரு கடற்பூ, அதற்குள் குடித்தனம் நடத்தும் செம்மஞ்சள் நிறத்துச் சோடி மீன், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள். ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்த காலம் அது. இரவில் மழைச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனம். அந்தச் சனத்தின் நடுவில் என் வீட்டில் மட்டும் ஒரு மோட்டார் பூட்டி அலை அடிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கடல் வந்து போன பிறகு படம் எடுக்க வந்தவர்களைவிட, மௌத்தாகிப் போனவர்களின் பழைய படத்தைக் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். "போன பெருநாளைக்கு வந்து எடுத்தமே, அந்தப் பிலிம் கிடக்கா?" பிலிம் எல்லாம் சேறாகிக் கிடந்தது. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, மனித முகத்தைக் கெமராவில் பார்க்கவே அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மீன் வந்து பழைய படத்துக்குக் கொப்பி கேட்காது என்றார்.

இத்தனைக்கும் அவரிடம் இல்லாத படங்களில் முதலாவது என் வாப்பாவின் படம். படம் பிடிப்பது மார்க்கத்தில் ஹராம் என்று உறுதியாக இருந்தவர் வாப்பா. மகளை ஸ்டூடியோக்காரருக்குக் கட்டிக் கொடுக்கும்போது மட்டும், தொழில் வேறு மார்க்கம் வேறு என்று சொல்லிவிட்டார். அடையாள அட்டையில் இருந்த ஒரே படத்தையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு மீன் வாங்கப் போனார். அதற்குப் பிறகு அவரையும் காணோம், சட்டையையும் காணோம்.

வாப்பாவின் உடல், மையித்து, கிடைக்கவில்லை. அதனால் உம்மா இத்தா இருக்கவில்லை. புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கவேண்டும். ஊரில் எத்தனையோ பெண்கள் இத்தா இருந்தார்கள். உம்மா மாத்திரம் பூப்போட்ட சாரியோடு திரிந்தா. "மையித்தக் கண்ணால காணாம நான் என்னத்துக்குகா வெள்ளை உடுக்கிற? அவர் திரும்பி வந்து, நான் இரிக்கக்குள்ளயே நீ எனக்கு வெள்ளை உடுத்தியா எண்டு கேட்டா நான் என்ன செய்ற?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்தது. வாசலில் யாராவது இருமினால் உம்மா எழும்பிப் போவா. வாப்பாவுக்கு உடுக்கச் சாறன் வாங்கி மடித்து வைப்பா. உம்மாவுக்கு யாராவது விளங்கப்படுத்த வேண்டும், அந்த யாரோ நான்தான் என்று நினைத்துக்கொண்டு நாளும் சண்டை பிடித்தேன்.

அப்படிப்பட்டவ கடல் தொட்டியைக் கண்டதும் போட்டு உடைப்பா என்றுதான் எதிர்பார்த்தேன். உள்ளூர ஆசையும்பட்டேன். உம்மா தொட்டிக்கு முன்னால் நின்றா. சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தா. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடலை ஏசத் தொடங்கினா.

"என்ன, பெரிய ஆளெண்டு நினைச்சிட்டா வந்தாய்? இப்ப இரிக்காய் தானே, கண்ணாடிக்குள்ள! எங்க, எழும்பி வா பாப்பம்!"

அன்று முழுக்க ஏசினா. அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தா. அவவின் மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவவும் ஏசினா. கொஞ்ச நாளில் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வருகிற பெண்களால் முன்னறை நிறைந்தது. கடலை ஏச வருகிறவர்களுக்கு நான் பிளேன்டீ ஊற்றினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக் களைத்து வந்து, கடலின் உம்மா வாப்பா வரைக்கும் போகிற வசவைக் கேட்டுக்கொண்டு இஞ்சி தட்டினேன். அந்தச் சோடி மீன்கள் இரண்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடலுக்குப் பராமரிப்பு வேண்டும். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு கூடிவிடும் என்றார். கிணறெல்லாம் உப்பாகி, குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் பவுசர் வண்டிக்குப் பின்னால் வாளியோடு நின்றவர்கள். அந்த வாளியிலிருந்து இவர் கடலுக்கு ஊற்றினார். "கடல் எங்கட கிணத்துக்குள்ள வந்து உப்பப் போட்டுட்டுப் போன. மருமகன் கடலுக்கு நல்ல தண்ணி குடுக்கார்," என்று உம்மா வந்தவர்களிடம் சொன்னா. கரண்ட் போனால் மீனுக்குக் காற்றில்லாமல் போய்விடும் என்று சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு உட்காருவார். வந்த விருந்தாளிகளின் கையிலும் பம்பைக் கொடுப்பார்.

சில நாளைக்கு ஒருமுறை கடல் தண்ணீரையே மாற்றவும் வேண்டும். யுத்தம் வடக்கில் மும்முரமாக நடந்த நேரம். தண்ணீர்க் கேன் கட்டிய இவருடைய மோட்டார் சைக்கிளைச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள்.

"என்ன இது?"

"கடல் தண்ணி, சேர்."

"வீட்டில கடல் தண்ணி என்னத்துக்கு?"

"கடல் வச்சிருக்கன், சேர்."

இப்படி ஒரு பதிலைச் சொன்னால் எந்தப் படைக்காரன் விடுவான்? குடி என்றான். குடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி கடலைக் குடித்துக் காட்டிவிட்டுத்தான் மீதிக் கடலைக் கொண்டுவந்தார். மாற்றலாகி வந்த புதிய படைக்காரன் ஒருவன் நம்பாமல் தானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினானாம்.

படம் பிடிப்பது அதைவிடப் பெரிய பாடு. மீனைப் படமெடுத்தால் கண்ணாடியில் தெரியும் பெண்களும் படத்தில் விழுந்தார்கள். அழகான கடற்பூ, அதன் நடுவில் வாயைத் திறந்து ஏசிக்கொண்டிருக்கும் என் உம்மா. கடைசியில் அறை விளக்கை அணைத்து, என் கறுப்பு ஹபாயாவைத் தன் தலைக்கும் கெமராவுக்கும் மேலால் போட்டுக்கொண்டு குந்தினார். உள்ளே வந்த பெண்ணொருத்தி, தொட்டிக்கு முன்னால் யாரோ ஒரு பெண் நெற்றி நிலத்தில் பட சுஜூதில் கிடக்கிறாள் என்று நினைத்து அலறிவிட்டா. ஆனால் படங்கள் நன்றாக வந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். மீனின் செதில் ஒவ்வொன்றும் தெரிந்தது. உம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "மீனுக்கு இவ்வளவு படம். மனிசனுக்கு ஒண்டு இல்ல," என்றா.

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று கல்முனைச் சந்தியில் பட்டாசு வெடித்தது. சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். உம்மா பெட்டி கட்டினா.

"வவுனியாவுக்குப் போகப் போறன். அங்க முகாமில வடக்குக் கடக்கரைச் சனம் நிறைஞ்சு கிடக்காம். ஊர் பேர் சொல்லத் தெரியாத ஆக்களும் இரிப்பாங்க. கடல் அவர அந்தப் பக்கம் ஒதுக்கியிருந்தா?"

"உம்மா, கடல் வந்து எத்தின வருஷம்?"

"நினைவு தப்பின மனிசனுக்கு வருஷம் தெரியுமா?"

கத்திவிட்டேன். படமும் இல்லாமல், வாப்பாவின் புருவத்துத் தழும்பைச் சொல்லியா முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று தேடுவது? எத்தனை வருஷத்துக்கு இந்த மனுஷியின் பூப்போட்ட சாரியைப் பார்த்துக்கொண்டிருப்பது? "நேரத்தோட வெள்ளை உடுத்து இத்தா இருந்திருந்தா இந்தக் கரைச்சல் எப்பவோ முடிஞ்சிருக்கும்!" என்றேன். உம்மா என்னை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்து ஏசினா. ஆனால் வவுனியாப் பயணத்தை விடவில்லை.

பயணத்துக்கு முதல் நாள் காலையில் பெரிய மீனைக் காணவில்லை.

முதலில் கண்டது உம்மாதான். சோடியில் பெரியது புருஷன், சின்னது பெண்சாதி என்பது உம்மாவின் முடிவு. இல்லை மாமி, இந்தச் சாதியில் பெரியதுதான் பெண் என்று இவர் பல தடவை சொல்லியும் எடுபடவில்லை. "மருமகன், அவரக் காணல்ல," என்று உம்மா கூப்பிட்ட தொனியில் நான் அடுப்பை விட்டு ஓடிவந்தேன். தொட்டியின் மூடி மூடியபடியே இருந்தது. மேசைக்குக் கீழே பார்த்தோம். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தோம். இவர் ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து வைத்தார். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். ஏச வந்த பெண்களும் சாரியைச் சொருகிக்கொண்டு தேடினார்கள். உம்மா மீனின் படத்தை எடுத்துக்கொண்டு அயல் வீடுகளுக்குப் போய், "இத ஆரும் கண்டயளா?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

திரும்பி வந்து இவரிடம் நேராகக் கேட்டா.

"மூடி கிடக்கு. வெளிய போகல்ல. அப்ப எங்க?"

"செத்திருக்கும் மாமி. செத்தா நண்டும் கல்லுக்குள்ள இரிக்கிற புழுவும் திண்டுரும். ஒரு ராவைக்குள்ள முடிஞ்சிரும்."

"முள்ளாவது மிஞ்சாதா?"

"இல்ல மாமி. ஒண்டும் மிஞ்சாது."

உம்மா கதிரையில் உட்கார்ந்தா. இவர் சும்மா இருந்திருக்கலாம். "காணாமப் போனது பொம்புளை மாமி. மிச்சம் இரிக்கிறது ஆம்புளை. இனி இது கொஞ்சம் கொஞ்சமா பொம்புளையா மாறும்," என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"இத்தினூண்டு கடல்," என்றா உம்மா. "நாலு பக்கமும் கண்ணாடி. மூடி வேற. நாங்க இத்தின பேர் காவல். இதுக்குள்ளயே மையித்தில்ல."

அதற்குப் பிறகு உம்மா கடலை ஏசவில்லை. கட்டின பெட்டியை அவிழ்த்து, மௌலவியைக் கூப்பிடச் சொன்னா. மௌலவி வந்து திரைக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உம்மா, இத்தா மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு. ஒங்கட இத்தா எப்பவோ முடிஞ்சிட்டு. இனி இரிக்கத் தேவல்ல."

"ஒங்கட கணக்கில முடிஞ்சிருக்கும் மௌலவி. எனக்கு அவர் மௌத்தானது இண்டைக்குத்தானே."

மௌலவி இரு கையையும் ஏந்தினார். உம்மாவுக்காகத் துஆ ஓதிவிட்டுப் போனார்.

உம்மா இத்தா இருக்கப்போகிற அறை முன்னறைதான், வேறு அறையில் காற்று வராது. உடனே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கேள்வியைக் கிளப்பினா. இத்தா இருக்கிற அறையில் அந்நிய ஆண் இருக்கக் கூடாதே, தொட்டிக்குள் மிஞ்சியிருப்பது ஆணாமே? மீன் திரை தேவையில்லாத மஹ்ரமா இல்லையா என்று அரை நாள் விவாதம் நடந்தது. அது பெண்ணாக மாற எவ்வளவு காலம் எடுக்கும் என்று இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மாறி முடியும் வரைக்கும் தொட்டியைத் துணி போட்டு மூடுவது என்று கடைசியில் தீர்ப்பாயிற்று. என் ஹபாயாவைக் கொண்டுபோய் நானே கடலை மூடினேன். மனம் இலேசாக இருந்தது. நான் இத்தனை வருஷமாகக் கத்தியது நடக்கப் போகிறது, இனி உம்மா வாசலைப் பார்க்கமாட்டா, சாறன் வாங்கமாட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மா குளித்துவிட்டு அறைக்குள்ளிருந்து வந்தா. வெள்ளைச் சாரி, தலையில் வெள்ளைத் துணி, கையில் காப்பில்லை. வந்து என் முன்னால் நின்று, "சரியா மகள்?" என்று கேட்டா.

உம்மா காத்திருந்த அத்தனை வருஷமும் எனக்கு வாப்பா இருந்திருக்கிறார். யாரோ இருமினால் உம்மா எழும்பிப் போவா, நான் ஏசுவேன். ஏசிக்கொண்டே நானும் வாசலைப் பார்த்திருக்கிறேன். உம்மாவின் சாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கழட்டுங்க உம்மா," என்றேன். "கழட்டுங்க. வாப்பா வந்தா என்ன சொல்லுவார்?"