அழிந்துபோன கோழிக்கு அரைத்த மசாலா

சித்தப்பாவுக்குக் கொச்சங்காடியில் மைதாக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. அதனால் எங்கள் வீட்டில் தலையணை உறை முதல் என் பள்ளிக்கூடப் பை வரை எல்லாமே மைதாச் சாக்குதான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காயலுக்கு அக்கரையில், வைப்பின் ஊர்ச் சதுப்பு வயலில் விடியுமுன் இருட்டில் பிடித்த நீர்க்கோழி ஒன்றை அப்படியொரு சாக்கில் கட்டிப் படகேறிக் கொண்டுவந்தார். அம்மா மசாலா அரைத்து முடித்திருந்தாள்.

சாக்கை அவிழ்த்ததும் வெள்ளைவெளேரென்று ஒரு கோழி வெளியே வந்தது.

நான் கிட்டே ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வாரம்தான் டீச்சர் ஒரு புத்தகத்தில் இரண்டு படங்களைக் காட்டியிருந்தார். ஒன்று நம் ஊர் நீலக்கோழி. மற்றது எங்கோ நடுக்கடல் தீவில் இருந்த அதன் வெள்ளைச் சொந்தக்காரன். கப்பல்காரர்கள் கம்பால் அடித்துத் தின்றே அந்த இனத்தைத் தீர்த்துவிட்டார்களாம். சிவந்த அலகு, சிவந்த நெற்றி, நீண்ட கால்விரல் எல்லாம் அச்சாக ஒத்துப்போயின.

“அப்பா, இதைக் கொல்லாதீங்க! இது லோகத்திலயே இல்லாத கோழி!” என்று அழுதேன்.

“நெசமா மோளே?” நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த அப்பா, படிக்கிற பிள்ளையின் பேச்சைத் தட்டமாட்டார். கத்தியைக் கீழே வைத்தார். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று பக்கத்து வீட்டுச் சேட்டன் சொன்னதும் முகச்சவரமும் செய்துகொண்டார்.

“அரச்ச மசாலாவ நான் என்ன செய்ய?” என்றாள் அம்மா.

போட்டோவில் இன்னும் வெள்ளையாகத் தெரியட்டுமே என்று அப்பா கோழியைக் குளிப்பாட்டினார். தண்ணீர் பட்டதும் வெள்ளை பசையாக வழிந்தது. அடியில் பளபளவென்று நீலம்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். “நனஞ்ச கோழிய, மாவு உதறாத சாக்குல இட்டுட்டேன் அண்ணே.”

“அப்ப இது லோகத்துல உள்ள கோழிதானே?” என்று அப்பா மறுபடி கத்தியை எடுத்தார். என் அழுகையும் நின்றுவிட்டது. நீலத்துக்கு யார் அழுவார்கள்?

கோழி அதற்குள் அவர் விரலைக் கொத்திவிட்டு ஓடைப் பக்கம் ஓட்டமெடுத்தது. போனது போனதுதான். அன்று அந்த மசாலாவில் கப்பைக் கிழங்குதான் வெந்தது. வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது பார்க்கப் பாவமாக இருந்தது.

“விடுங்கப்பா, நீலக்கோழிதானே? வைப்பின்ல எத்தற வேணும்னாலும் கெடக்கு” என்று தேற்றினேன். அந்தத் தீவில் கம்பை ஓங்கிய கப்பல்காரர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.